சிறுநீரக மாற்று நோயாளியின் நுரையீரல் கழுவுநீரில் விகாரமான செல்கள்: அறிக்கையில் என்ன எழுதுவது?

கேள்வி (நோயியல் மருத்துவர், கும்பகோணம்):
மாற்றுச் சிறுநீரகம் பெற்று, உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட், ஸ்டீராய்டு ஆகிய மருந்துகளை எடுத்துவரும் விவசாயி ஒருவர் காய்ச்சலும் கடும் மூச்சுத்திணறலுமாகச் சேர்ந்திருக்கிறார். சி.டி. ஸ்கேனில் இரு நுரையீரல்களிலும் பரவலான மங்கல் தெரிகிறது; கட்டி இல்லை. ப்ராங்கோஸ்கோப்பியில் (மூச்சுக்குழாய்க்குள் குழாய்க்கருவி செலுத்திச் செய்யும் பரிசோதனை) எடுத்த கழுவுநீரின் பாப் சாயமிட்ட ஸ்லைடில், நியூக்ளியஸ் (செல்லின் உட்கரு) பெருத்து அதனுள் நியூக்ளியோலஸ் என்னும் புள்ளி துலக்கமாகத் தெரியும் செல்கள் சிறு கொத்துகளாக உள்ளன. அடினோகார்சினோமா (ஒருவகைப் புற்றுநோய்) சந்தேகம் என்று எழுதலாமா?

பதில் 1 (சைட்டாலஜி என்னும் செல் ஆய்வியல், தஞ்சாவூர்):
அவசரம் வேண்டாம், டாக்டர். காற்றறைச் சுவர் சிதைந்து மீண்டும் உருவாகும்போது பெருகும் இரண்டாம் வகை நியூமோசைட்டுகள் (காற்றறைச் சுவரின் செல்கள்) புற்றுநோய் செல்களைப் போலவே வேஷம் கட்டும். ஒரு கொத்தை மட்டும் தனியே காட்டினால் நானும் ஏமாறுவேன். ஆகவே ஸ்லைடு முழுவதையும் பாருங்கள். இயல்பான செல்லிலிருந்து விகாரமான செல் வரை படிப்படியான மாற்றம் தெரிந்தால் அது புற்றுநோயல்ல, பாதிப்புக்குச் செல்கள் காட்டும் எதிர்வினையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒட்டாமல் தனித்தனிக் கூட்டங்களாக நின்றால்தான் கவலை. சிலியா (நுண்மயிர்) உள்ள செல்லைப் புற்றுநோய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். எலும்பு மஜ்ஜை மாற்று நோயாளிகளிடம் புசல்ஃபான் மருந்தும் இதே தோற்றத்தைத் தரும்.

பதில் 2 (நுண்ணுயிரியல், திருச்சி):
முதலில் கிருமியைத் தேடுங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களைத் தாக்கும் சைட்டோமெகலோவைரஸ் என்றால் செல்லே பெருத்து, நியூக்ளியஸின் நடுவில் அடர்ந்த ஒரு திரளும் அதைச் சுற்றி வெளிறிய வளையமும் இருக்கும். பாப் ஸ்லைடில் நுரை போன்ற திரள்கள் தெரிந்தால், ஜி.எம்.எஸ். என்னும் வெள்ளிச் சாயத்தில் நியூமோசிஸ்டிஸ் பூஞ்சையின் கிண்ண வடிவ உறைகளைப் பாருங்கள். காசநோய்ச் சாயம் சொல்லாமலே போட வேண்டியது. நம் டெல்டாவில் வெறுங்காலோடு வயற்சேற்றில் இறங்குபவர் என்பதால், ஸ்டீராய்டினால் பெருகி நுரையீரலுக்கு ஏறும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழுவையும் குறைந்த உருப்பெருக்கத்தில் தேட வேண்டும். மெலியாய்டோசிஸ் (மண்ணிலும் நீரிலும் வாழும் பர்கோல்டேரியா பாக்டீரியாவால் வரும் நோய்) சந்தேகத்தைக் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) படிவத்திலேயே எழுதுங்கள். இல்லையேல் பர்கோல்டேரியா வளர்ந்தாலும் ஏதோ சூடோமோனாஸ் (வேறொரு பாக்டீரியா) என்று ஒதுக்கிவிடுவார்கள்.

பதில் 3 (சிறுநீரகவியல், தஞ்சாவூர்):
சிகிச்சை தருபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். புற்றுநோய் சந்தேகம் என்று அறிக்கை வந்தால், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளைக் குறைக்க நேரும். அதனால் மாற்றுச் சிறுநீரகமே கைவிட்டுப் போகலாம். அதற்காகத் தீங்கற்றது என்று அடித்துச் சொல்வதும் சரியல்ல, ஏனெனில் இந்நோயாளிகளுக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) உட்படப் புற்றுநோய்கள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். 2022இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் நுரையீரல் சைட்டாலஜி வகைப்பாட்டில், தீங்கற்றதற்கும் சந்தேகத்திற்கும் இடையே 'அடிப்பிகல்' (இயல்புக்கு மாறானது) என்று ஒரு படி இருக்கிறது. அதில் வைத்து, எதிர்வினை மாற்றமாக இருக்கலாம், தொற்றுக்குச் சிகிச்சையளித்துச் சில வாரங்களில் மீண்டும் மாதிரி அனுப்புக என்று எழுதுங்கள். நுரையீரல் தெளிந்த பிறகும் அதே செல்கள் நீடித்தால் பயாப்சிக்கு (திசுவை வெட்டியெடுத்துச் சோதிப்பதற்கு) நாங்களே ஏற்பாடு செய்வோம்.