நாய் நக்கினால் புண் ஆறுமா, சீழ் பிடிக்குமா?

கடற்காகம்:
அப்பாவுக்கு எங்கே சிராய்த்தாலும் நாயைக் கூப்பிட்டு நக்க விடுகிறார். "நாய் வாய் நம்ம வாயைவிடச் சுத்தம், அதன் எச்சிலே மருந்து" என்கிறார். அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு. எனக்குப் பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெள்ளைவால்:
அப்பா சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். ஹார்ட், பவல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990இல் நாய் எச்சிலைச் சோதித்துப் பார்த்தார்கள். இ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்களையும் அது கொன்றது. குட்டி போட்ட நாய் தன் மடியையும் குட்டிகளையும் ஓயாமல் நக்குவது வீண் வேலை இல்லை. சின்ன வயதிலிருந்தே நாய்களோடு புரண்டு வளர்ந்தவன் நான். நாயைக் கண்டாலே கிருமி என்று பதறுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

சோதனைக்குழாய்:
வெள்ளைவால், அதே ஆய்வின் மீதியையும் சொல்லுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவிடம் அந்த எச்சில் பெரிதாகப் பலிக்கவில்லை. மனிதர்களின் புண்ணில் சீழ் வைப்பதில் முன்னால் நிற்பது அதுதான். அவர்கள் சோதித்த இ.கோலையும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேனிஸும் பிறந்த குட்டிகளின் உயிரைப் பறிப்பவை. குட்டிக்கு நல்லது என்பதை வைத்து நம் முழங்காலுக்கு மருந்து என்று எப்படிச் சொல்வது?

'சுத்தம்' என்ற பேச்சும் எடுபடாது. 2012இல் நாய் வாயிலுள்ள பாக்டீரியாக்களை மரபணு வழியில் கணக்கெடுத்தபோது 353 வகைகள் தேறின. மனித வாய்க்கும் பொதுவானவை சுமார் 16 சதவீதம்தான். நம் வாயில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கூட்டம் அதிகம், அதில் சில சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லைச் சொத்தையாக்கும். நாய் எச்சிலில் காரத்தன்மை கூடுதல். அங்கே சொத்தை அபூர்வம், ஆனால் போர்ஃபிரோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் ஈறோரம் குடியேறிவிடும். ஊர் வேறு, குடிகள் வேறு. எது சுத்தம் என்று எதை வைத்து ஒப்பிடுவது?

வெள்ளைவால்:
அது என் பக்கத்துக்குத்தானே வலு சேர்க்கிறது? நாயின் ஈறுக்குப் பழகிய கிருமி நம் உடம்பில் தங்கப் பாடுபட வேண்டும். நீங்கள் அடுத்து எடுக்கப்போகும் பெயர் எனக்குத் தெரியும்: கேப்னோசைட்டோபேகா கேனிமோர்சஸ். பாதிக்கு மேற்பட்ட நாய்களின் வாயில் அந்தப் பாக்டீரியா இருக்கிறது. ஆனால் நெதர்லாந்துக் கணக்குப்படி அதனால் நோயில் விழுகிறவர்கள் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவு. நக்குவதெல்லாம் ஆபத்து என்றால் நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்க வேண்டும்.

சோதனைக்குழாய்:
அபூர்வம் என்பதை நான் மறுக்கவே இல்லை. யாருக்கு வருகிறது என்று பாருங்கள். மண்ணீரல் எடுக்கப்பட்டவர்கள், அதிகமாகக் குடிப்பவர்கள், ஸ்டீராய்டோ கீமோவோ எடுப்பவர்கள். பெரும்பாலும் கடிபட்ட சில நாட்களில் காய்ச்சல், வாந்தி, பிறகு தோலில் ஊதாத் திட்டுகள், விரல் நுனி கறுப்பது. ரத்தத்தில் பரவிவிட்டால் பத்தில் மூன்று பேர் வரை இறக்கிறார்கள்.

லேபில் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். இந்தக் கிருமி படு மந்தமாக வளரும். பிளட் கல்ச்சர் பாட்டிலை, அதாவது ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பாட்டிலை, இன்குபேட்டரில் வைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் பார்ப்போம், ஒன்றும் தெரியாது. பல நாள் கழித்து ஸ்லைடில் நுனி கூரிய மெல்லிய குச்சிகளாகத் தென்படும்போது நோயாளி ஐசியூவில் இருப்பார். அதனால்தான் காய்ச்சலோடு வருகிறவர் "வீட்டில் நாய் இருக்கிறது, கடித்தது" என்று முதலிலேயே சொன்னால் டாக்டர் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவார்.

மணிமுத்து:
மண்ணீரல் எடுக்கப்பட்டவன் நான். நாயை விட்டுவிடும்படி என் டாக்டர் சொல்லவில்லை. கடிபட்டால் சின்னப் பல்தடம் என்றாலும் உடனே போட்டுக்கொள்ள மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். காயம் இருக்கும் கையால் அதன் வாயருகே போக மாட்டேன். மற்றபடி அது என் காலடியில்தான் படுத்திருக்கிறது. இரண்டு பேரும் சண்டை போடுவதற்கு நடுவில் இப்படியும் வாழலாம்.

தொழுவம்:
கால்நடை கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். உங்கள் நாயின் மேலுதட்டைப் பின்பக்கமாகத் தூக்கிப் பாருங்கள். கன்னத்தை ஒட்டிய பெரிய பல்லில் பழுப்பாகக் காரை படிந்திருக்கும், அதன் விளிம்பில் ஈறு சிவந்து வீங்கியிருக்கும், நாற்றம் முகத்தில் அடிக்கும். மூன்று வயது தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓரளவாவது ஈறு நோய் உண்டு. தினமும் நாய்க்கான பேஸ்ட்டால் தேய்த்துவிடுங்கள். நாம் போடும் பேஸ்ட் வேண்டாம். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும், அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கிவிடும்.

அப்புறம், ரேபிஸ் என்ற வெறிநோய். அதைத் தருவது வைரஸ், பாக்டீரியா இல்லை. ஆனாலும் இங்கே சொல்லியே ஆக வேண்டும். ரேபிஸ் சந்தேகம் உள்ள நாய் திறந்த காயத்தையோ கண், வாயையோ நக்கினால் உலக சுகாதார நிறுவனம் அதைக் கடிக்கு இணையாக, மிகக் கடுமையான பிரிவில் வைக்கிறது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடற்காகம்:
அப்பாவின் காலில் வெடிப்பு இருக்கிறது. அதுவும் திறந்த காயக் கணக்கா?

சோதனைக்குழாய்:
ஆமாம். சர்க்கரை உள்ளவருக்குக் கால் மரத்திருந்தால் வெடிப்பு ஆழமானதே தெரியாது. நாய் கடித்துச் சீழ் வைத்த காயங்களைப் பரிசோதித்த 1999ஆம் ஆண்டு ஆய்வில் பாதியில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இருந்தது. அது ஒரே நாளில் சிவந்து வீங்க வைத்துவிடும். காலைக் கழுவித் துடைத்து, காலுறை போட்டுவிடுங்கள்.

வெள்ளைவால்:
காலுக்குக் காலுறை போடுவதை நானும் ஏற்கிறேன். காயமில்லாத கன்னத்தை என் நாய் நக்குவதை மட்டும் யார் சொன்னாலும் நிறுத்த மாட்டேன்.

சோதனைக்குழாய்:
உங்கள் கன்னத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதன் வாயருகே மட்டும் விடாதீர்கள்.