கழுவித் துடைத்து எண்ணெய் போட்டும் மறுநாளே துரு: மருந்து கிட்டிக்கும் துப்பாக்கி, கூடவே ஒரு ஸ்கோப் சந்தேகம்

கடலாடிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். வாசலில் நின்றால் கடல் தெரியாது, சத்தம் கேட்கும். ஐயா காலத்து எஸ்.பி.எம்.எல். ஒன்று வீட்டில் இருக்கிறது. ஒற்றைக் குழல், வாய்வழியாகக் கருமருந்தைக் கிட்டித்து (கம்பியால் இடித்து அமுக்கி), நிப்பிள் என்கிற பின்பக்கத்துச் சின்னத் துளைக்குழாயில் கேப்பு (அடித்தால் பொறி விடும் குட்டித் தொப்பி) வைத்துச் சுடுவது. லைசென்ஸ் ஐயா பேரில் இருந்தது, பிறகு அப்பா பேரில், இப்போது என் பேரில். மிளகாய்த் தோட்டத்தில் பன்றி இறங்கினால் வெறும் மருந்தும் காகித அடைப்பும் போட்டு ஒரு சத்தம், அதோடு சரி. குண்டு, ரவை எதுவும் கிடையாது.

பிரச்சினை இதுதான். வெடித்த அன்றைக்கே கழுவிவிடுகிறேன். குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, நிப்பிளைத் திருகி எடுத்துவிட்டு, குழலின் அடிப்பக்கத்தை வாளியில் நிறுத்துவேன். கொதிக்கிற தண்ணீர், ஒரு துளி பாத்திர சோப்பு. துணி சுற்றிய கம்பியை மேலும் கீழும் இழுத்தால் நிப்பிள் துளை வழியே தண்ணீர் ஏறி, கறுப்பாக இறங்கும். மூன்று வாளி மாற்றுவேன். காய்ந்த துணி விட்டு எடுத்தால் வெள்ளையாகத்தான் வருகிறது. பிறகு தேங்காய் எண்ணெய் தடவி, ரெக்ஸின் உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். மறுநாள் காலை துணி விட்டால் செங்காவி நிறம்!

ஐயா இதே துப்பாக்கியை நாற்பது வருடம் வைத்திருந்தார். குழலுக்குள் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்குமாம், அப்பா சொல்கிறார். நான் என்ன தப்புப் பண்ணுகிறேன்?

இன்னொரு சந்தேகம். அதே பெட்டியில் பையனின் ஏர் ரைஃபிளும் இருக்கிறது. அதன் ஸ்கோப்பில் (குறி பார்க்கும் லென்ஸ் குழாய்) பார்த்தால் பனி மூடின மாதிரி தெரிகிறது. துடைத்தும் போகவில்லை. இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

பனையூரார்:

தம்பி, கழுவுகிற பேச்சுக்கு முன்னால் ஒன்று. குழலுக்குள் மருந்து இல்லை என்று எப்படி உறுதி பண்ணுகிறீர்கள்? கிட்டிக்கிற கம்பியை வெறும் குழலில் அடிவரை விட்டு, வாய் அருகே கம்பியில் ஒரு கோடு கீறி வையுங்கள். கழுவுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கம்பியை விடுங்கள். கோடு வாய்க்கு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது, கைவைக்காதீர்கள். என்னிடம் 30 வருடமாக லைசென்ஸ் இருக்கிறது. இன்றைக்கும் இதைப் பார்க்காமல் நிப்பிளைத் தொடமாட்டேன்.

கழுவும் முறை சரிதான். தேங்காய் எண்ணெயை மட்டும் விட்டுவிடுங்கள். நாள்பட்டால் பிசினாகி, நிப்பிள் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். தையல் மிஷின் எண்ணெய் போதும்.

கீழக்கரை காக்கா:

தம்பி, இவ்வளவு மெனக்கெடுவானேன்? மண்ணெண்ணெயை ஊற்றி இரண்டு குலுக்கு குலுக்கினால் தீர்ந்தது. தண்ணீரே வேண்டாம். இரும்புக்குத் தண்ணீர் ஆகாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மிச்சிகன் தேவிபட்டினத்தான்:

காக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, இந்த ஒரு விஷயத்தில் மண்ணெண்ணெய் உதவாது. கருமருந்து எரிந்தால் எல்லாமே புகையாகப் போய்விடுவதில்லை. எடையில் பாதிக்கு மேல் கெட்டியான கசடாக நிற்கிறது. வெடியுப்பில் இருக்கிற பொட்டாசியம்தான் அதில் பெரும்பங்கு: பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு. கழுவும்போது அழுகின முட்டை நாற்றம் வருமே, அது சல்பைடு பண்ணுகிற வேலை. இவை எல்லாம் உப்பு. தண்ணீரில் கரையும், மண்ணெண்ணெயில் கரையாது. மண்ணெண்ணெய் ஊற்றினால் கறுப்பு வழித்துக்கொண்டு வரும், உப்பு அப்படியே எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். அதிலும் கார்பனேட் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் வாடைக் காற்றில் கேட்கவே வேண்டாம்.

கேப்பும் கவனிக்க வேண்டிய விஷயம். குளோரேட் கலந்த கேப்பாக இருந்தால் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும். சாப்பாட்டு உப்புக்குத் தம்பி முறை. நிப்பிளையும் அது உட்காரும் மரையையும் தனியாகப் பழைய பல்துலக்கும் பிரஷ் போட்டுத் தேய்க்கவும்.

என் சந்தேகம் கொதிநீர் மேல். குழல் சுட்டுப்போகும் அளவுக்குக் கொதிநீர் விட்டால் தண்ணீர் சடாரென்று ஆவியாகும். அந்த நேரத்திலேயே மேலாக ஒரு மஞ்சள் துரு பூக்கும். நான் கை பொறுக்கிற சூட்டில்தான் கழுவுகிறேன். இங்கே டிசம்பரில் வாய்வழித் துப்பாக்கிக்கு என்றே தனியாக மான் சீசன் உண்டு. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையே கூடாது, அதனால் ஊரில் யாரும் இதைப் படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். என்னுடையது புது மாதிரி. குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பிரீச் பிளக்கைத் திருகிக் கழற்றலாம், மேலே ஸ்கோப் உண்டு, குழலுக்குள் சுழலாக வெட்டிய மரைகள் இருப்பதால் கசடு பள்ளங்களில் ஒளிந்துகொள்ளும்.

ஸ்கோப்பைக் கழற்ற மாட்டேன். கழற்றினால் குறி மாறிவிடும். பிளாஸ்டிக் கவர் போட்டு இரண்டு பக்கமும் ரப்பர் பேண்டு. குழல் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பின்னாலிருந்து முன்னால் துணியைத் தள்ளுவேன். அழுக்குத் தண்ணீர் ஸ்கோப் பக்கம் வராது. முடிந்ததும் ஸ்கோப்பின் அடிவயிற்றைத் தடவிப் பாருங்கள், கேப்புப் புகை படிந்திருக்கும். அதை ஈரத்துணியால் எடுத்துவிட்டு, பிடிமான ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன். முதல் வருடம் அதைப் பார்க்காமல் விட்டு நாலு நாள் குறி தவறியது தனிக்கதை.

கடலாடிக்காரன்:

ஐயா, கம்பியில் கோடு போட்டுவிட்டேன், நன்றி. அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினேன். தையல் மிஷின் எண்ணெய் போட்டேன். ரெக்ஸின் உறையும் வேண்டாம் என்று தோன்றி அதையும் எடுத்துவிட்டேன். இன்று காலை பார்த்தால் கொஞ்சம் குறைவு, ஆனால் துரு இருக்கிறது. நிப்பிள் பக்கத்து மரையில்தான் அதிகம்.

கீழக்கரை காக்கா:

இதைத்தான் அப்போதே சொன்னேன், தண்ணீர் வேண்டாம் என்று.

பாம்பன் மெக்கானிக்:

அண்ணே, எனக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. தொட்டதுகூட இல்லை. வள்ளத்து எஞ்சின் வேலை பார்க்கிறவன். ஒன்று மட்டும் கேட்கிறேன், நீங்கள் எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்?

கேட்கக் காரணம் உண்டு. கடலுக்குப் போய்வந்த எஞ்சினுக்குள் நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும், அது விதி. ஒரு தம்பி தவறாமல் கழுவுவான். ஆனாலும் அவன் எஞ்சின் உள்ளே வெள்ளை பூத்து, ஸ்க்ரூ எல்லாம் இற்றுப்போய் வரும். போய்ப் பார்த்தால், கடலிலிருந்து நூறு அடியில் போட்ட போர் தண்ணீர். உப்பை உப்பால் கழுவிக்கொண்டிருந்தான். உங்கள் வீட்டுப் போரில் துணி சோப்பு நுரைக்குமா?

கடலாடிக்காரன்:

நுரைக்காது தம்பி. எங்கள் ஊரில் எந்த வீட்டுப் போரிலும் நுரைக்காது. குடிக்கக் காவிரித் தண்ணீர் பைப்பில் வரும், அது நாலு நாளைக்கு ஒரு தடவை. அதைப் போய்த் துப்பாக்கி கழுவ எடுப்பேனா என்று போர் தண்ணீரைத்தான் காய்ச்சினேன்.

பாம்பன் மெக்கானிக்:

அப்போது அங்கேதான் கோளாறு. நம்பிக்கை இல்லை என்றால் இரண்டு எவர்சில்வர் தட்டு எடுங்கள். ஒன்றில் ஒரு டம்ளர் போர் தண்ணீர், இன்னொன்றில் ஒரு டம்ளர் காவிரித் தண்ணீர். மொட்டை மாடியில் வெயிலில் வற்றவிட்டு, மிச்சம் நிற்பதைப் பாருங்கள்.

மிச்சிகன் தேவிபட்டினத்தான்:

தலையில் அடித்துக்கொண்டேன். தேவிபட்டினத்தில் பிறந்து வளர்ந்தவன் நான், எனக்கே இது தோன்றவில்லை. இங்கே குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வந்து வந்து, தண்ணீரில் உப்பு இருக்கும் என்பதே மறந்துவிட்டது போல. தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. குளோரைடு இரும்பை விடாது. நீங்கள் தண்ணீரைக் காய்ச்சக் காய்ச்ச ஆவி போய், மிச்சத் தண்ணீரில் உப்பு இன்னும் கெட்டியாகும். அதைக் கடைசி அலசலுக்கு விட்டுத் தானாகக் காயவிட்டால் குழல் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத உப்புப் பூச்சுத்தான். அதற்கு மேல் என்ன எண்ணெய் போட்டும் பயனில்லை.

முதல் இரண்டு வாளிக்குப் போர் தண்ணீர் இருந்தால் பரவாயில்லை. கடைசி இரண்டு அலசல் நல்ல தண்ணீரில். கொதிநீரைப் பற்றி நான் சொன்னது தப்பில்லை, ஆனால் உங்கள் நோய்க்கு அது மருந்தில்லை.

பனையூரார்:

எங்கள் வீட்டில் மழைத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதில்தான் கழுவுகிறேன். அதனால் எனக்கு இந்தத் தொந்தரவு வந்ததில்லை, வந்திருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

அலசியதும் தானாகக் காயவிடாமல் துணி மாற்றி மாற்றி விட்டு, குழலில் லேசான சூடு இருக்கும்போதே எண்ணெய் போடுங்கள். நிப்பிள் மரைக்குக் கொஞ்சம் கிரீஸ். வைக்கும்போது குழல் வாய் கீழே பார்க்க நிற்கட்டும். மேலே பார்த்து நின்றால் எண்ணெய் முழுவதும் இறங்கி நிப்பிளிலும் கட்டையிலும் ஊறிவிடும். மூன்றாம் நாள், ஏழாம் நாள் ஒரு துணி விட்டுப் பார்க்கவேண்டும். தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது எண்ணெயைத் தாராளமாகவே போட்டுவிட்டு, ரசீதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். திரும்பி எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

அடுத்த தடவை கிட்டிப்பதற்கு முன் அந்த எண்ணெயைக் காய்ந்த துணியால் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து நனைந்து, கேப்பு மட்டும் வெடித்துப் பன்றி உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

ராமநாதபுரம் கேமராக்காரர்:

ஸ்கோப் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. எனக்குக் கல்யாண வீடியோத் தொழில், கார்த்திகை மாதம் வந்தால் லென்ஸோடு மல்லுக்கட்டுவது வழக்கம்.

டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நரம்பு ஓடினால் பூஞ்சை. அது உள்ளே இருக்கிறது, வெளியே துடைத்துப் பிரயோஜனமில்லை. நீங்களாகத் திறக்கவும் கூடாது. நல்ல ஸ்கோப் என்றால் உள்ளே நைட்ரஜன் அடைத்து மூடியிருப்பார்கள், திறந்தால் அதுவும் போச்சு. நரம்பில்லாமல் வெறும் பனி மூட்டமாக இருந்து, வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் இரண்டு நாள் இருந்தால் குறைகிறது என்றால், ரப்பர் வளையம் போய் ஈரம் உள்ளே போயிருக்கிறது. வெயிலில் காட்டுகிறேன் என்று லென்ஸைச் சூரியனைப் பார்க்க வைத்துவிடாதீர்கள்.

டார்ச் ஒளியில் மேலாகப் பொடிப்பொடியாகத் தெரிந்தால் அது கடல் உப்பு. கடற்கரையில் இதுதான் அதிகம். இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். வேட்டி முனையால் தேய்த்தால் உப்புத் தூள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் அமுக்கினால் காற்று ஊதும் ரப்பர் பல்பால் ஊதி, பிறகு மெல்லிய பிரஷ். அப்புறம் மெடிக்கல் கடையிலோ பேட்டரிக் கடையிலோ கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு சொட்டைத் துணியில் விட்டு (கண்ணாடியில் நேராக விடக் கூடாது) ஒற்றி எடுங்கள். உப்பு கரைந்து போனபின்தான் துடைப்பது.

பெட்டியையும் மாற்றுங்கள். மரப்பெட்டிக்கு உள்ளே ஸ்பாஞ்சு, அதற்குள் ரெக்ஸின் உறை என்றால் ஈரத்தைப் பூட்டி வைத்த மாதிரி. இறுக்க மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு ஸ்கோப்பை அதில் வையுங்கள். ஈரம் ஏறினால் அந்தக் குருணை நிறம் மாறும். நீல நிற வகையை வாங்கினால் சமையல் பாத்திரத்தில் போட்டுச் சூடு பண்ணாதீர்கள், அந்த நீலம் கோபால்ட் உப்பு, விஷம்.

கீழக்கரை காக்கா:

பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டரிலேயே துப்பாக்கியையும் கழுவிவிடலாம் அல்லவா? மண்ணெண்ணெய் யோசனையை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கடலாடிக்காரன்:

எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். தட்டுச் சோதனை பண்ணினேன். காவிரித் தண்ணீர்த் தட்டில் ஓரமாக மெல்லிய கோடு. போர் தண்ணீர்த் தட்டில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது, நக்கிப் பார்த்தால் கரித்தது. வாலிநோக்கத்து உப்பளத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை.

போன வாரம் பன்றிக்கு ஒரு வெடி போட வேண்டியிருந்தது. கடைசி இரண்டு அலசலையும் காவிரித் தண்ணீரில் செய்து, பனையூர் ஐயா சொன்னபடி சூட்டோடு எண்ணெய் போட்டு, வாய் கீழே பார்க்க நிறுத்தினேன். மறுநாள் துணியில் எண்ணெய் நிறம் மட்டும். மூன்றாம் நாளும் அப்படியே, ஏழாம் நாளும் அப்படியே. நிப்பிள் மரையில் பழைய துரு அரித்த குழிகள் இருக்கின்றன, அது இனிப் போகாது. மரை பிடிப்பு தளர்ந்திருக்கிறதா என்று லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க் கடையில் காட்டப்போகிறேன். அதுவரை வெடி கிடையாது.

ஸ்கோப்பில் இருந்தது உப்புத்தான். கேமராக்காரர் அண்ணன் சொன்னபடி ஒற்றி எடுத்ததும் தெளிந்துவிட்டது. பையன் அதில் நிலாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அப்பாவிடம் பாம்பன் தம்பி கேட்ட கேள்வியைச் சொன்னேன். சிரித்தார். ஐயா காலத்தில் போர் ஏது, ஊருணித் தண்ணீர்தானே என்றார். துப்பாக்கி கழுவ அப்பாதான் குடம் தூக்கி வருவாராம். இத்தனை நாள் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்த மழைக்கு ஓட்டிலிருந்து விழும் தண்ணீரை இரண்டு கேன் பிடித்து, 'துப்பாக்கிக்கு' என்று எழுதி வைத்தேன். ஒரு கேனை அம்மா எடுத்துக்கொண்டார். அதில் பருப்பு சீக்கிரம் வேகிறதாம்.