குதிரை ஏற்ற சொந்த வண்டியா, வாடகை வண்டியா? கணக்கோடு பேசுவோம்

காங்கேயத்து லாயம்:

எங்களிடம் ஒரு மார்வாரி பெண் குதிரையும் ஒரு கத்தியவாரி ஆண் குதிரையும் இருக்கின்றன. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போவோம், தையில் பந்தயம், நடுவில் தெரிந்தவர்கள் கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்டால் அனுப்புவோம். இதுவரை எல்லாம் வாடகை பிக்கப்தான். இப்போது ஐந்து லட்சத்துக்கு ஒரு பழைய பிக்கப் விலைக்கு வந்திருக்கிறது. தம்பி வாங்கச் சொல்கிறான். எனக்கு அது நஷ்டம் என்றே படுகிறது. ஏன் என்று சொல்கிறேன், மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஐந்து லட்சத்துக்கு வாங்கும் வண்டி ஐந்து வருடம் கழித்து இரண்டரை லட்சத்துக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். தேய்மானம் வருடம் 50,000. அந்தப் பணம் பேங்கில் இருந்தாலோ கடனாக வாங்கியிருந்தாலோ 8 சதவீத வட்டி 40,000. சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியமே 2022 அறிவிப்புப்படி 16,049 ரூபாய், ஜிஎஸ்டி தனி. முழு இன்சூரன்ஸ் என்றால் 28,000 வைக்கலாம். டயர், பேட்டரி, எஃப்சி என்கிற தகுதிச் சான்று, வரி, சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் சேர்த்து 35,000. ஆக வண்டி வாசலில் சும்மா நின்றாலும் வருடம் 1,53,000 ரூபாய்.

ஒரு நடை போய்வர 200 கிலோமீட்டர் என்றால் டீசல் 1,600, டிரைவர் பேட்டா 1,000. இதே நடைக்கு எங்கள் பக்கம் வாடகை, காத்திருப்பு, பேட்டா எல்லாம் சேர்த்து 6,500க்குள் முடிகிறது. சொந்த வண்டியில் ஒரு நடைக்கு மிச்சமாவது 3,900. ஒன்றரை லட்சத்தை எடுக்க வருடத்துக்கு 39 நடை ஓட வேண்டும். இரண்டு குதிரை வைத்திருக்கிற வீட்டுக்கு அத்தனை நடை எங்கே இருக்கிறது?

வைகைக்கரை ரேக்ளா:

அண்ணா, கூட்டல் கழித்தல் சரி. எடுத்துக்கொண்ட தொகைகள்தான் உங்கள் பக்கமே சாய்ந்து நிற்கின்றன. ஐந்து லட்சத்து வண்டி எதற்கு? மூன்று லட்சத்துக்கு ஓடி இறங்கிய வண்டி கிடைக்கும். விலை ஏற்கெனவே இறங்கிவிட்டதால் தேய்மானம் வருடம் பத்தாயிரம்தான். வட்டி 24,000, இன்சூரன்ஸ் 22,000. ரிப்பேர் அதிகம் வரும், 50,000 வைக்கிறேன். மொத்தம் 1,06,000. அப்புறம் டிரைவர் எதற்கு? நீங்களே ஓட்டுங்கள். 7,500 கிலோ மொத்த எடை வரை உள்ள சரக்கு வண்டிக்கு சாதாரண எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸே போதும் என்று சுப்ரீம் கோர்ட் 2017இல் சொன்னது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்துவிட்டது. பேட்டாவை எடுத்துவிட்டால் நடைக்கு மிச்சம் 4,900. இருபத்திரண்டு நடையில் சமமாகிவிடும். பந்தயம், சந்தை, கல்யாணம், பழக்க ஓட்டத்துக்குத் தார் ரோடு தேடிப் போவது என்று பார்த்தால் அது பெரிய எண்ணிக்கையே இல்லை.

இன்னொன்று. முகூர்த்த நாளில் உங்களுக்கு வாடகை வண்டி யார் தருகிறார்கள்? பந்தல் சாமான், பாத்திரம், சேர், வாழைமரம் என்று ஊரில் உள்ள பிக்கப் எல்லாம் முதல் நாளே புக் ஆகிவிடும். குதிரை வேண்டும் என்று கேட்பவர்களும் அதே நாளில்தான் கேட்பார்கள். வண்டி இல்லாமல் ஊர்வலத்துக்குப் போகாத குதிரைக்கு அடுத்த முறை யாரும் கூப்பிட மாட்டார்கள். அந்த நஷ்டம் உங்கள் கணக்கில் வரவே இல்லை.

காங்கேயத்து லாயம்:

தம்பி, ரிப்பேருக்கு 50,000 என்பது வண்டி நடுவழியில் நிற்காத வருடத்துக்கான கணக்கு. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்சி காட்ட வேண்டும். பதினைந்து தாண்டினால் அந்தக் கட்டணமே பல மடங்கு. வாடகை வண்டி நின்றுபோனால் உரிமையாளர் மாற்று வண்டி அனுப்புவார். என் வண்டி தாராபுரம் ரோட்டில் நின்றால் இரண்டு குதிரைகளையும் ரோட்டோரம் பிடித்துக்கொண்டு நான்தான் நிற்க வேண்டும்.

நீங்களே ஓட்டுங்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். சந்தையில் இரண்டு நாள் தூங்காமல் குதிரையோடு கிடந்துவிட்டு ராத்திரி ஸ்டியரிங் பிடிப்பது மிச்சம் இல்லை. ஆபத்து.

முகூர்த்த நாள் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். அது உண்மையான சிக்கல்.

பல்லடம் லோடு வண்டி:

நான் இரண்டு பிக்கப் வைத்து ஓட்டுகிறவன். நீங்கள் இருவருமே வண்டி மற்ற நாளில் சும்மா நிற்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஏன் நிற்க வேண்டும்? தேங்காய், தீவனம், காய்கறி மூட்டை என்று வாரத்துக்கு இரண்டு மூன்று லோடு அடித்தால் இன்சூரன்ஸும் டயரும் அதிலேயே வந்துவிடும். குதிரை நடை இலவசம் மாதிரி ஆகிவிடும். தாராளமாக வாங்குங்கள். 3,000 கிலோ மொத்த எடைக்குள் உள்ள வண்டி என்றால் பெர்மிட்டும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்:

மேலே உள்ள யோசனையைப் பலர் நம்பி வண்டி வாங்குகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125இ என்று ஒரு விதி இருக்கிறது. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. கால்நடை ஏற்றும் வண்டியில் ஒவ்வொரு விலங்குக்கும் நிரந்தரத் தடுப்பு வேண்டும் என்கிறது. குதிரைக்குக் குறைந்தது 2.25 சதுர மீட்டர் இடம். அப்படி மாற்றி அமைத்த வண்டிக்கு ஆர்டிஓவிடம் தனி உரிமம் வாங்க வேண்டும், அதில் வேறு சரக்கு எதையும் ஏற்றக் கூடாது. தேங்காய் லோடு வருமானம் அங்கேயே அடிபடுகிறது. ஒன்பது அடி நீளம், ஐந்தரை அடி அகலம் உள்ள பாடி என்றால் 4.6 சதுர மீட்டர் வரும். இரண்டு குதிரைக்குச் சரியாகப் போதும். மூன்றாவதைத் திணிக்கக் கூடாது.

இதற்கு முன்பே 1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளில் குதிரைக்கென்று தனிப் பகுதி உண்டு. தரையில் வழுக்காத விரிப்பு, பக்கங்களில் மெத்தை, பாடி உயரம் குறைவென்றால் உயர்த்திக் கட்டுவது, குதிரைக்குக் குதிரை நடுவில் குறைந்தது 8 சென்டிமீட்டர் கனமுள்ள மூங்கில், கூட ஒரு ஆள், டாக்டர் சான்றிதழ். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. காங்கேயத்திலிருந்து அந்தியூருக்கு இரண்டரை மணி நேரம் ஆகும், அந்த நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இனி நான் பார்த்த நோய்களைச் சொல்கிறேன். தலைக்கயிற்றை உயரமாக, குட்டையாகக் கட்டி ஐந்தாறு மணி நேரம் ஓட்டி வருவார்கள். குதிரையால் தலையைத் தாழ்த்தி மூக்குச் சளியை வெளியேற்ற முடியாது. தூசியும் கிருமியும் நுரையீரலுக்குள் இறங்கும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், இருமல், தீனி எடுக்காமை. வடக்கே புஷ்கர், சாரங்கேடா குதிரைச் சந்தைகளில் வாங்கி நாள் கணக்கில் ஏற்றி வரும் குதிரைகளுக்கு இது நிறைய வருகிறது. வழியில் நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தலையைக் கீழே விடவைத்து, தண்ணீர் காட்ட வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று பேசிய டிரைவர் அதற்கு நிற்க மாட்டார், அவருக்கு அடுத்த லோடு காத்திருக்கும்.

வாடகை வண்டியில் முந்தின நாள் என்ன ஏற்றினார்கள் என்பதும் முக்கியம். சிமெண்ட், யூரியா, பூச்சிமருந்து, பிராய்லர் கூண்டு எதுவாகவும் இருக்கலாம். முந்தின லோடு வேறொருவர் குதிரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கிளாண்டர்ஸ் என்ற குதிரைத் தொற்றுநோய் உறுதியானால் அந்தக் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை, மனிதருக்கும் தொற்றும். கிருமிநாசினி போட்டுக் கழுவாத வண்டியில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

வைகைக்கரை ரேக்ளா:

டாக்டர் ஐயா சொன்னது எல்லாம் என் பக்க வாதம்தான்! சொந்த வண்டி என்றால் ரப்பர் பாய் ஒட்டியே இருக்கும், தடுப்பு நிரந்தரமாக இருக்கும், நான் நினைத்த இடத்தில் நிறுத்துவேன். வாடகை வண்டியின் இரும்புத் தகட்டுத் தரையில் லாடம் அடித்த குதிரை ஒரு பிரேக்குக்கே சறுக்கி முட்டி போட்டுவிடும். பந்தயக் குதிரைக்கு முன்னங்கால் முட்டி போனால் அந்த சீசன் முடிந்தது. ஒரு குதிரையின் விலை என்ன, வண்டியின் விலை என்ன என்று பாருங்கள்.

பல்லடம் லோடு வண்டி:

ஐயா சொன்ன விதி புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் ரோட்டில் யாரும் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நடைமுறையையும் பேச வேண்டும்.

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்:

செக்போஸ்ட்டில் கேட்காமல் போகலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒவ்வொரு தாளாகக் கேட்கும். வண்டி இன்சூரன்ஸ் குதிரைக்குப் பணம் தராது, அதற்குக் கால்நடை பாலிசி தனியாக எடுக்க வேண்டும். குதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் பாடியில் நிற்கும் பையனுக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வீர்கள்? சரக்கு வண்டியில் சரக்கின் உரிமையாளரோ அவருடைய ஆளோ முன்னால் கேபினில் உட்கார்ந்து வந்தால்தான் பாதுகாப்பு. பின்னால் நிற்பவரின் குடும்பம் கோர்ட் ஏறி இறங்கும். சொந்த வண்டி என்றால் அந்த வழக்கு உங்கள் பெயரில் வரும்.

காங்கேயத்து லாயம்:

ரேக்ளா தம்பிக்கு ஒரு பதில். ரப்பர் பாயும் மூங்கிலும் வண்டியோடு பிறந்தவை அல்ல. மாட்டுக்கொட்டகைக்குப் போடும் கனமான ரப்பர் பாய் இரண்டு, மூங்கில் நான்கு, பக்கத்துக்குத் தேங்காய்நார் மெத்தை, கட்ட நல்ல கயிறு. எல்லாம் இருபதாயிரத்துக்குள் அடங்கும். அவை என்னுடையவையாக இருக்கட்டும், எந்த வண்டி வந்தாலும் அரை மணி நேரத்தில் விரித்துக் கட்டிவிடலாம். மூன்று லட்சத்து வண்டியால் குதிரைக்குக் கிடைக்கும் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்த இருபதாயிரத்திலேயே வந்துவிடுகிறது என்பதுதான் என் வாதம்.

டாக்டர் சொன்ன அவசரத்துக்கும் வழி உண்டு. கிலோமீட்டருக்கோ நடைக்கோ பேசாமல் நாள் வாடகை பேச வேண்டும். டிரைவருக்கு அடுத்த லோடு இல்லை என்றால் 35இல் போகச் சொன்னாலும் போவார், புளியமரத்தடியில் அரை மணி நிற்கச் சொன்னாலும் நிற்பார். ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கூடும். கூடட்டும். அதைச் சேர்த்தாலும் என் நடைகளுக்கு வாடகைதான் மலிவு. 125இ விதிப்படி தடுப்பும் உரிமமும் உள்ள கால்நடை வண்டியாகவே தேடிப் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் இன்று கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன்.

ஊர்வலக் குதிரை:

நான் நான்கு நாட்டியக் குதிரை வைத்துத் தொழில் செய்கிறேன். ஆடி, மார்கழி தவிர முகூர்த்தம் இருக்கும் மாதமெல்லாம் வேலை. எனக்கு 39 நடையும் சரி, 22 நடையும் சரி, இரண்டுமே பெரிதல்ல. வாடகை வண்டியை நம்பினால் நான் தொழிலை மூட வேண்டும். உங்கள் இருவர் கணக்கும் எனக்குச் சொல்வது ஒன்றுதான்: குதிரையை வைத்துச் சம்பாதிக்கிறவன் வாங்கலாம், ஆசைக்கு வளர்ப்பவர் வாங்கக் கூடாது.

சிலர் மூன்று பேர் சேர்ந்து ஒரு வண்டி வாங்குகிறார்கள். எங்கள் பக்கம் அப்படி வாங்கியவர்கள் இப்போது பேசிக்கொள்வதில்லை. எல்லோருக்கும் ஒரே முகூர்த்தத்தில்தான் வண்டி வேண்டும், ஆர்சி புத்தகமோ ஒருவர் பெயரில்.

வைகைக்கரை ரேக்ளா:

ஆசைக்கு வளர்ப்பவர் வாங்கக் கூடாது என்பதை நான் ஏற்க மாட்டேன். ராத்திரி ஒரு மணிக்குக் குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, தரையில் புரண்டு, வியர்த்துக் கொட்டினால் என்ன செய்வீர்கள்? கோலிக் என்கிற கடும் வயிற்றுவலி வந்த குதிரைக்கு விடியும் வரை நேரம் இருக்காது. உள்ளூர் டாக்டர் ஊசி போட்டும் அடங்கவில்லை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஏற்றிக்கொண்டு ஓட வேண்டும். அந்த நேரத்தில் எந்த வாடகை வண்டிக்காரர் போனை எடுப்பார்? குதிரை சும்மா நிற்கும் 300 நாளுக்கும் சேர்த்துத்தான் நான் வண்டி வைத்திருக்கிறேன். இதை நடைக் கணக்கில் போட முடியாது.

ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர்:

இதில் தம்பி சொல்வது சரி. கோலிக்கில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வண்டி வர மூன்று மணி நேரம் ஆனதால் கைவிட்டுப் போன குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். வண்டி சொந்தமாக இருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. ராத்திரியில் வரும் வண்டி ஒன்று உறுதியாக இருக்க வேண்டும். இன்னொன்று, வண்டி வாசலில் நின்றாலும் குதிரை ஏறப் பழகியிருக்க வேண்டும். வலியில் இருக்கும் குதிரையை முதல் முறையாக இருட்டில் ஏற்ற முடியாது. மாதம் ஒரு முறையாவது வரப்பு மேட்டில் வண்டியைப் பின்னால் விட்டு, ஏற்றி, தீனி காட்டி இறக்குங்கள்.

காங்கேயத்து லாயம்:

இந்த ஒரு வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, பாதிப் பதில் இருக்கிறது. எங்கள் ஊரிலேயே பால் வண்டி ஓட்டும் ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கே எழுந்துவிடுவார். பிக்கப் வைத்திருக்கிறார். குதிரைக்கென்று அமைத்த வண்டி இல்லைதான், உயிருக்கு ஆபத்தான ராத்திரிக்கு மட்டும் அது. மாதம் ஒரு தொகை கொடுத்து, கூப்பிட்டால் வர வேண்டும் என்று பேசப் போகிறேன். மாதம் 1,500 என்றாலும் வருடம் 18,000. ஏற்றிப் பழக்குவதையும் அந்த வண்டியிலேயே செய்யலாம். வண்டி வாங்குவதை விட்டுவிட்டேன் என்று வீட்டில் என் தம்பியிடம் இன்று சொல்லிவிடுவேன்.

வைகைக்கரை ரேக்ளா:

அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இரண்டாவது ஆள் ஒருவரையும் பேசி வையுங்கள் அண்ணா. நான் மூன்று லட்சத்து வண்டியைத்தான் சொல்வேன், அதில் மாற்றமில்லை. அந்தியூரில் பார்ப்போம். உங்கள் ரப்பர் பாய் எந்தக் கனம், எந்தக் கடை என்று மட்டும் எழுதுங்கள், எனக்கும் மாற்ற வேண்டியிருக்கிறது.