நோட்டீஸில் ஐந்து குறைகள்: எதை மாற்றுவது, எதற்கு வாதாடுவது?

புதுச்சாவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய கார் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் வண்டியைத் தாழ்த்தி, பெரிய சக்கரம் மாட்டி, சைலன்சர், ஹெட்லைட் பல்பு என்று பலவற்றை மாற்றியிருந்தார். பார்க்க அழகாக இருந்தது, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. போன வாரம் சாலைச் சோதனையில் நிறுத்தி, சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குறைபாட்டு நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "முன் ஸ்பிரிங் இருப்பிடத்தில் நிற்கவில்லை. பின் டயர் மட்கார்டின் உள்விளிம்பில் உரசுகிறது. முன்கதவுக் கண்ணாடியில் ஒளி ஊடுருவல் குறைவு. ஹெட்லைட்டில் பொருந்தாத பல்பு. சைலன்சர் சத்தம் வரம்பு மீறியது."

வண்டியோடு வந்த டயர் அளவு 195/65 ஆர்15. இப்போது இருப்பது 225/55 ஆர்17.

எதையும் நான் மாற்றவில்லையே, பொறுப்பு என் தலையில்தானா? ஐந்தையுமே பழையபடி ஆக்க வேண்டுமா? என் மெக்கானிக், "சோதனை நாளுக்கு மட்டும் பழைய ஸ்பிரிங்கைப் போட்டுக் காட்டிவிடலாம், அப்புறம் இதையே மாட்டிக்கொள்ளலாம்" என்கிறார். இந்த வண்டியில்தான் தினமும் மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன். அந்த யோசனைக்கு மனம் ஒப்பவில்லை.

நான்காம்கியர் எழுதியது:

எல்லாவற்றுக்கும் முன்னால் நோட்டீஸின் தலைப்பகுதியைப் படியுங்கள். குறித்த தேதிக்குள் சரிசெய்தால் போதும் என்பது ஒரு வகை. பட்டறைக்குக் கொண்டுபோவதைத் தவிர வேறெதற்கும் சாலையில் எடுக்கவே கூடாது என்பது இன்னொரு வகை. ஸ்பிரிங் விஷயம் இருப்பதால் உங்களுடையது இரண்டாவதாக இருக்கலாம். அப்படியிருந்தும் ஓட்டி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

சோதனைக்குழி எழுதியது:

தம்பி, நான் 22 வருடம் வாகனச் சோதனை நிலையத்தில் குழிக்குள் நின்று வேலை பார்த்தவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பு பற்றி: யார் மாற்றினார் என்று நோட்டீஸ் கேட்பதில்லை. இன்று வண்டி யார் பெயரில் இருக்கிறதோ, யார் ஓட்டுகிறாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். விற்றவரோடு உள்ள கணக்கு தனி.

இப்போது ஸ்பிரிங்குக்கு வருவோம். மற்ற நான்கையும் விட எனக்குக் கவலை தருவது இதுதான். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரம் முழுதாகத் தொங்கும்படி விடுங்கள். பிறகு கையை விட்டு ஸ்பிரிங்கைச் சுற்றிப் பாருங்கள். சரியான ஸ்பிரிங் அசையாது. சக்கரம் தொங்கும்போதும் அது கொஞ்சம் அழுத்தத்தோடுதான் நிற்கும். சுற்றினால், வண்டியைத் தாழ்த்துவதற்காகச் சுருளை அறுத்த ஸ்பிரிங் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுருளின் முனையையும் பாருங்கள். கிரைண்டரோ காஸ் கட்டரோ பட்ட இடத்தில் நீலம் பாரித்திருக்கும். அந்தச் சூட்டில் எஃகின் பதமே போய்விடும். வேகத்தடையில் சக்கரம் துள்ளும்போது அப்படிப்பட்ட ஸ்பிரிங் தன் கிண்ணத்தை விட்டு விலகி, கோணலாக உட்காரும். டயரின் பக்கச்சுவரை அது அறுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே மெக்கானிக் சொன்ன யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். தாழ்ந்த வண்டிதான் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்த ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் உண்டு. முறைப்படி சான்று வாங்கிப் பதிவிலும் ஏற்றிவிட்டு ஓட்டுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

டயர். கணக்கு எளிது. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம், கடைசி எண் அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம். 195/65 ஆர்15 என்றால் மொத்த விட்டம் 634 மில்லிமீட்டர் சொச்சம். 225/55 ஆர்17 என்றால் 679. விட்டம் 45 மில்லிமீட்டர் கூடிவிட்டது, வண்டியோ தாழ்ந்துவிட்டது. உரசாமல் என்ன செய்யும்? இதில் கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் 7 சதவீதம் கூடுதல் தூரம் போகிறீர்கள், ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது. ஐ.நா. வாகன விதி 39-இன்படி மீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது. துல்லியமான மீட்டராக இருந்தால் 100 காட்டும்போது நீங்கள் 107-இல் போவீர்கள். 17 அங்குலச் சக்கரத்தை விட மனமில்லை என்றால் 225/45 ஆர்17 பாருங்கள், விட்டம் அதே 634 வரும். ஆனால் அகலம் 30 மில்லிமீட்டர் கூடுவதால் உள்பக்கம் ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். சுமைக் குறியீடும் வண்டிக்குச் சொன்னதைவிடக் குறையக் கூடாது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். உங்கள் ஊர் விதி அந்த அகலத்தை அனுமதிக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள்.

கண்ணாடி ஃபிலிமில் பலரும் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். ஐ.நா. விதி 43 ஓட்டுநரின் முன்பார்வைக்கான கண்ணாடியில் 70 சதவீத ஒளியாவது வர வேண்டும் என்கிறது. பல நாடுகளின் வரம்பு இதையொட்டியது, சில இடங்களில் வேறு எண். கடைக்காரர் "இது 85 சதவீத ஃபிலிம்" என்பார். ஆனால் வெறும் கண்ணாடியே முழு ஒளியையும் விடுவதில்லை. அது 78 விடுகிறது என்று வைத்தால், 78-இல் 85 சதவீதம் 66. தோற்றுவிட்டீர்கள். உரித்துவிடுங்கள், இதில் வாதாட ஒன்றுமில்லை.

ஹெட்லைட். ஹாலஜன் பல்புக்காகச் செய்த விளக்கில் எல்இடி பல்பைச் செருகியிருப்பார்கள். இழை இருக்க வேண்டிய புள்ளியில் ஒளி பிறந்தால்தான் எதிரொளிப்பான் அதைச் சாலையில் ஒழுங்காக விரிக்கும். இடம் சற்று நகர்ந்தாலும் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் விழும். விளக்கின் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில 'E' குறியும், பக்கத்தில் எந்த வகைப் பல்புக்கு அனுமதி என்ற எழுத்துகளும் இருக்கும். அதற்குரிய பல்பையே போடுங்கள்.

சைலன்சரைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். ஒன்று மட்டும்: அளவீடு தவறு என்று நினைத்தால் எதையும் கழற்றாதீர்கள். கெடு முடியும் முன்பே எழுத்தில் மறுஅளவீடு கேளுங்கள். மாற்றிவிட்டுப் போனால் நிரூபிக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

தெற்குவாசல் எழுதியது:

அந்த மறுஅளவீட்டில் ஜெயித்தவன் நான். நிறுத்திய இடத்தில் வைத்து அளக்கும் முறைக்கு வரையறை உண்டு. மைக் புகைக்குழாயின் வாயிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும். என்ஜினின் அதிகபட்ச சக்தி நிமிடத்துக்கு 5000-க்கும் 7500-க்கும் இடைப்பட்ட சுழற்சியில் வருமென்றால், 3750-இல் நிலையாக வைத்து, பிறகு ஆக்சிலேட்டரை விட வேண்டும். சுற்றிலும் 3 மீட்டருக்குள் சுவரோ வேறு வண்டியோ இருக்கக் கூடாது. சுற்றுப்புறச் சத்தம் அளந்த சத்தத்தைவிட 10 டெசிபலாவது குறைந்திருக்க வேண்டும். என் வண்டியை ஒரு மதிலை ஒட்டி நிறுத்தி அளந்தார்கள். போட்டோ எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டி, திறந்த வெளியில் மறுபடி அளக்கச் சொன்னேன், தேறிவிட்டது. ஆனால் உங்கள் சைலன்சர் உண்மையிலேயே சத்தமானது என்றால் இந்த வழியில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

புதுச்சாவி எழுதியது:

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. வண்டியை மூன்று வாரம் எடுக்கவில்லை, மகள் பேருந்தில் போனாள்.

சோதனைக்குழி ஐயா சொன்னபடி ஜாக்கியில் தூக்கினேன். ஸ்பிரிங்கைத் தொட்டதும் சுற்றியது, இரண்டு விரலே போதுமாக இருந்தது. அடிமுனையில் அதே நீலம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாலு மாதம் இதில்தான் குழந்தையை உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன்.

நான்கு ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் வண்டிக்குரியதாகவே மாற்றிவிட்டேன். டயர் பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஃபிலிமை நீராவி காட்டி உரித்தோம். சைலன்சருக்காக வாதாடலாம் என்றுதான் இருந்தேன், அடியில் பார்த்தால் நடுப்பெட்டியே இல்லை, நேர்க்குழாயை வெல்டிங் செய்திருந்தார்கள். அதையும் மாற்றியாயிற்று. மெக்கானிக்கையும் மாற்றிவிட்டேன். ரசீது எல்லாவற்றையும் கோப்பில் வைத்துக் கொண்டுபோனேன், நான்கு குறைகளை அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஹெட்லைட் மட்டும் நிற்கிறது. பல்பு சரி, ஆனால் ஒளி மேலே போகிறது என்கிறார்கள். முன்பு சரியாகத்தானே இருந்தது?

சோதனைக்குழி எழுதியது:

முன்பு தாழ்ந்த வண்டிக்கு ஏற்ப யாரோ விளக்கைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது வண்டி உயர்ந்துவிட்டது, ஒளியும் கூடவே உயர்ந்துவிட்டது. பானெட்டைத் திறந்தால் விளக்கின் மேலோ பக்கத்திலோ ஒரு சிறு சதவீத எண் இருக்கும். 1 சதவீதம் என்றால் 10 மீட்டரில் ஒளியின் மேல்விளிம்பு 10 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். டயர் காற்றைச் சரியாக வைத்து, காருக்குள் இருக்கும் விளக்கு உயரத் திருகியைப் பூஜ்யத்தில் விட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்துவிட்டு அமைக்கச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலைதான்.