வெள்ளைச் சாக்லேட்டைப் பால் கணக்கில் சேர்க்கலாமா?

கீழக்கரை லாத்தா:
எல்லாருக்கும் வணக்கம். துபாயிலிருந்து வந்த தம்பி பெட்டி நிறைய வெள்ளைச் சாக்லேட் கொண்டுவந்திருக்கிறான். என் மகளுக்கு ஏழு வயது. பால் டம்ளரைக் கண்டாலே ஓடிவிடுவாள். "கறுப்புச் சாக்லேட்தான் சூடு. இது முழுக்கப் பால், பிள்ளைக்கு நல்லது" என்று உம்மா தினமும் ஒரு பட்டையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரு பட்டை 40 கிராம். பாலுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாமா?

தொண்டிக் கரை:
கூடவே கூடாது லாத்தா. உறையைத் திருப்பிப் பாருங்கள், சேர்மானங்களில் முதலில் நிற்பது பெரும்பாலும் சர்க்கரையாகத்தான் இருக்கும். 100 கிராம் வெள்ளைச் சாக்லேட்டில் ஏறக்குறைய 540 கலோரி. சர்க்கரை 59 கிராம், கொழுப்பு 32 கிராம். அந்தக் கொழுப்பில் 19 கிராம் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்). புரதம் 6 கிராம்கூடத் தேறாது, நார்ச்சத்து பேருக்குத்தான். உங்கள் 40 கிராம் பட்டைக்குக் கணக்குப் போட்டால் சர்க்கரை மட்டும் 23 கிராமுக்கு மேல். ஆறு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு கரண்டிச் சீனியைக் கிண்ணத்தில் கொட்டிப் பிள்ளை கையில் கொடுத்தால் உங்கள் உம்மாவே பிடுங்கி வைத்துவிடுவார்கள். இதைச் சாக்லேட் என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. கோகோத் தூள் துளியும் கிடையாது.

மண்டபம் மருந்துக்கடை:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். தூள் இல்லை என்பது சரி. ஆனால் இதில் இருக்கும் கோகோ வெண்ணெய் எங்கிருந்து வருகிறது? அதே கோகோ விதையிலிருந்துதான். விதையை அரைத்துப் பிழிந்தால் கொழுப்பு ஒரு பக்கம், பழுப்புத் தூள் ஒரு பக்கம். அமெரிக்காவில் 2002இல் இதற்கென்றே விதி எழுதினார்கள்: கோகோ வெண்ணெய் குறைந்தது 20 சதவீதம், பாலின் திடப்பொருள் குறைந்தது 14 சதவீதம், சேர்க்கும் இனிப்பு 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே அது சாக்லேட்தான்.

அடுத்தது, அந்த 59 கிராமும் கொட்டிய சீனி அல்ல. பால்பொடியில் இயல்பாகவே இருக்கும் பால்சர்க்கரையான லாக்டோஸும் அதில் அடக்கம். நிறைகொழுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோகோ வெண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு ஸ்டியரிக் அமிலம். மற்ற நிறைகொழுப்புகளைப் போல அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதில்லை. அப்புறம், தூள் இல்லாததால் காஃபினும் இல்லை. கோகோ 70 சதவீதத்துக்கு மேற்பட்ட கறுப்புச் சாக்லேட் 100 கிராமில் 80 மில்லிகிராம் அளவுக்குக் காஃபின் உண்டு. ராத்திரி தூங்க வேண்டிய பிள்ளைக்கு வெள்ளைதான் மேல். கலோரியும் கறுப்பில்தான் அதிகம், 600ஐத் தொடும்.

தொண்டிக் கரை:
அக்கா, லாக்டோஸைக் கழித்தாலும் பாதிக்குப் பாதி சீனி மிஞ்சுகிறது. கறுப்பில் கலோரி அதிகம் என்கிறீர்கள். அதோடு 11 கிராம் நார்ச்சத்து, 12 மில்லிகிராம் இரும்பு, 228 மில்லிகிராம் மக்னீசியமும் சேர்ந்து வருகிறதே! சர்க்கரை 24 கிராம்தான். வெள்ளையில் இரும்பு கால் மில்லிகிராம், மக்னீசியம் 12. தூளோடு அத்தனையும் வெளியே போய்விட்டது.

லாத்தா கேட்டது பாலைப் பற்றி. அதற்கு வருகிறேன். வெள்ளைச் சாக்லேட் 100 கிராமில் கால்சியம் 200 மில்லிகிராம் இருக்கும். 40 கிராம் பட்டையில் 80. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 650 வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் சொன்னது. 150 மில்லி பாலில் 180 மில்லிகிராம் வந்துவிடும், கலோரி நூறுதான். அதே கால்சியத்தைச் சாக்லேட்டில் எடுக்க வேண்டுமென்றால் 90 கிராம் தின்ன வேண்டும், 480 கலோரி. பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாடு அதிலேயே முடிந்தது.

மண்டபம் மருந்துக்கடை:
கால்சியக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி, பாலுக்கு ஈடு என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் நஞ்சைப் போலப் பேசுவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சர்க்கரைக்குச் சொன்ன அளவு, மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள். 1,500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு 37 கிராம். ஒரு நாள் ஒரு பட்டை தின்றால் எதுவும் குடிமுழுகிப் போகாது. தினமும் தின்பதுதான் தப்பு.

சாயல்குடி பனங்காடு:
நம் ஊரில் கருப்பட்டி இருக்கும்போது எதற்கு இந்த வெளிநாட்டுச் சரக்கு? ஒரு துண்டு கருப்பட்டி கொடுங்கள், இரும்பும் கிடைக்கும், சீனியும் உள்ளே போகாது.

மண்டபம் மருந்துக்கடை:
அண்ணே, என் அப்பாவும் பனையேறித்தான் எங்களைப் படிக்க வைத்தார். கருப்பட்டிமேல் எனக்கு உயிர். ஆனாலும் கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். கடைக்கு வரும் சுகர்காரர்கள் பலர் "கருப்பட்டிக் காப்பிதானே" என்று மூன்று தம்ளர் குடித்துவிட்டு அளவு ஏறி நிற்கிறார்கள். அதையும் சர்க்கரை என்றே எண்ண வேண்டும். கால்சியத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் இருக்கின்றன. நெத்திலியை முள்ளோடு தின்றால் இன்னும் நல்லது.

பாம்பன் பெட்டிக்கடை:
எல்லாரும் சத்தைப் பேசுகிறீர்கள், கையில் இருப்பது உண்மையான வெள்ளைச் சாக்லேட்தானா என்று யாரும் கேட்கவில்லை. கோகோ வெண்ணெய் உடம்புச் சூட்டுக்கே உருகிவிடும், 34 டிகிரி போதும். சித்திரை வெயிலில் பாலத்துப் பக்கம் என் கடையில் கண்ணாடி ஜாடிக்குள் நல்ல சரக்கு மத்தியானமே குழைந்து உறையோடு ஒட்டிக்கொள்ளும். சாயங்காலக் கடல்காற்றில் திரும்ப இறுகி மணல் மணலாக இருக்கும். அதே ஜாடியில் இன்னொரு மலிவுச் சரக்கு இருக்கிறது. வெயிலில் விறைப்பாக நிற்கும், வாயில் போட்டால் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். அதன் உறையில் கோகோ வெண்ணெய் என்ற சொல்லே கிடையாது, "தாவரக் கொழுப்பு" என்று இருக்கும். மருந்துக்கடை அக்கா சொன்ன ஸ்டியரிக் சமாதானம் எல்லாம் அதற்குப் பொருந்தாது. லாத்தா, முதலில் உறையைப் படியுங்கள்.

கீழக்கரை லாத்தா:
படித்துவிட்டேன். பெட்டியில் இரண்டு வகை. ஒன்றில் சர்க்கரை, கோகோ வெண்ணெய், பால்பொடி. இன்னொன்றில் சர்க்கரைக்கு அடுத்தே தாவரக் கொழுப்பு, பால்பொடி நான்காவது இடத்தில். உம்மா தினமும் பிரித்தது இந்த இரண்டாவதைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு உடைத்துக் கொடுத்துவிட்டு மிச்சத் தூளையும் ஓரத் துண்டையும் உம்மாவே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். உம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சுகர். இதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை.

மண்டபம் மருந்துக்கடை:
லாத்தா, அப்படியானால் பிள்ளையைவிட எனக்கு உம்மாவைப் பற்றித்தான் கவலை. கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள்? இந்த வாரமே பாருங்கள். மாத்திரை சாப்பிடுகிறோமே என்று விட்டுவிட வேண்டாம்.

தொண்டிக் கரை:
நான் முதலில் வேகமாகப் பேசிவிட்டேன், அக்கா சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தினமும் ஒரு பட்டை என்பதை மட்டும் நிறுத்துங்கள் லாத்தா. வெள்ளிக்கிழமை மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் இரண்டு கட்டம், வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு.

கீழக்கரை லாத்தா:
சரி தம்பி. நல்ல வகையை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டேன், இன்னொன்று யாருக்கும் கிடையாது. இன்று காலை நெத்திலி ஆணத்தில் ஐந்து மீனை முள்ளோடு மென்று தின்றாள். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளை விடியற்காலை வெறும் வயிற்றில் அவர்களை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன்.