ஃபுல்லர்ட்டன் ஹோட்டல்: பழைய தபால் நிலையத்தில் என்ன மிச்சம்?

கேள்வி:
அப்பாவுக்கு 84 வயசு. சிங்கப்பூர் ஜெனரல் போஸ்ட் ஆபிஸில் கடிதம் பிரிக்கும் வேலையில் 26 வருஷம் இருந்தவர். அந்தக் கட்டடம் ஹோட்டலான பிறகு ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. "எல்லாத்தையும் இடிச்சிருப்பான், நான் போய் எதைப் பாக்கிறது?" என்கிறார். பிறந்த நாளுக்கு அங்கே டீ குடிக்க அழைத்துப் போக ஆசை. அவர் காலத்தது ஏதாவது இருக்கிறதா? முட்டிவலி, ரொம்ப நடக்க மாட்டார்.

பதில் 1:
தம்பி, கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. 1928ல் திறந்த கட்டடம். வெளிமுகமும் இரண்டு மாடி உயரத் தூண்களும் அப்படியே நிக்குது. ஆனா ஒண்ணை முன்னாடியே சொல்லிடுங்க: சுமார் 300 அடி நீளத்துக்கு இருந்த கவுண்டர் இப்ப இல்லை. அவர் முதல்ல அதைத்தான் தேடுவார். 1996ல் தபால் நிலையம் காலி பண்ணிச்சு, 2001ல் 400 அறைகளோட ஹோட்டல் திறந்துச்சு. அகலமான ஆபிஸ் கட்டடத்துல உள்பக்க அறைகளுக்கு வெளிச்சம் கொண்டுவர்றதுதான் பெரிய சிக்கல். இங்கே நடுவுல மேலேயிருந்து வெயில் இறங்குற முற்றம் இருக்கு, உள்பக்க ஜன்னல்கள் அதைப் பார்த்த மாதிரி. டீயும் அந்த முற்றத்துலதான், அலைய வேண்டாம். பழைய சிவப்புத் தபால்பெட்டிகளையும் காட்டுங்க.

பதில் 2:
என் அம்மா இன்னும் "புக்கித் தீமா ஏழாங்கல்" என்றுதான் சொல்வார். சாலையோர மைல்கல்லைத்தான் அப்படிச் சொல்வார்கள்; அந்தக் கல்லெல்லாம் எண்ணத் தொடங்கியது இந்தக் கட்டடத்திலிருந்துதான். 1958 முதல் 1979 வரை கூரையில் கலங்கரை விளக்கும் எரிந்தது, அப்பாவுக்கு நினைவிருக்கும். 2015ல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்துவிட்டார்கள், இனி இடிபடுமோ என்ற பயம் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
போய் வந்தோம், இருவருக்கும் நன்றி. கவுண்டர் இல்லை என்று முன்பே சொல்லியும், இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு வெளியே வந்து ஒரு தூணில் வரிவரியாகக் குடைந்திருக்கும் பள்ளத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். "நைட் ஷிஃப்ட் முடிஞ்சா இதுலதான்டா முதுகைத் தேய்ச்சுக்குவோம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் ஈசூனில் இருக்கிறாராம், அடுத்த மாதம் அவரையும் கூட்டிப் போகச் சொல்கிறார்.