வடக்குத் தெரு சொந்தங்கள்: சனிக்கிழமை எந்தக் கோட்டை?

அனிதா (கிளாஸ்கோ): வேன்காரருக்கு இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லணும். ஸ்காட்லாந்துல ரெண்டு கோட்டை இருக்கு, ஐலன் டோனனா, கில்ச்சர்னா? பெரியப்பாவால ரொம்ப நேரம் உக்கார முடியாது. அதையும் யோசிச்சுச் சொல்லுங்க.

செல்வி சித்தி: (ஃபார்வர்ட்) 800 வருஷமா ஒரு கல்கூட அசையாத அதிசயக் கோட்டை ஐலன் டோனன்!! அனைவருக்கும் பகிரவும்

கோமதி அத்தை: இதுக்கே போவோம். காலண்டர்ல வர்றது இதானே

சிதம்பரம் மாமா: செல்வி, அது தப்பு. 13ஆம் நூற்றாண்டுல எழும்புன கோட்டைங்கிறது சரி. 1719ல ஸ்டூவர்ட் வம்சத்தைத் திரும்ப அரியணை ஏத்தணும்னு ஜாகோபைட் கலகம் வந்துச்சு. அதுக்கு உதவ வந்த ஸ்பெயின் சிப்பாய்கள் அங்க தங்கியிருந்தாங்க. மே மாசம் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வந்து பீரங்கியால அடிச்சுப் பிடிச்சு, உள்ள இருந்த வெடிமருந்தையே வச்சுத் தகர்த்துட்டாங்க. 200 வருஷம் குட்டிச்சுவர். இப்ப நிக்கிறது 1919லருந்து 1932 வரைக்கும் மக்ரே குலத்துக்காரர் ஒருத்தர் திரும்பக் கட்டினது.

முத்து: அப்ப அதுவும் நம்ம தாத்தா வீடும் ஒரே வயசு

கோமதி அத்தை: வீட்டுப் பேச்சு இங்க வேண்டாம்

செல்வி சித்தி: எனக்கு வந்ததை அனுப்பினேன்

சிதம்பரம் மாமா: கில்ச்சர்ன் பழைய கல்லு அப்படியே இருக்கிற இடம். லாக் ஆ ஏரியோட வடகிழக்கு முனை. 1450 வாக்குல க்ளெனார்க்கி பிரபு சர் காலின் கேம்பெல் அஞ்சு மாடிக் கோபுர வீடா கட்டினார். அப்ப அது தீவு. 1817ல ஏரித் தண்ணி மட்டத்தை இறக்கினாங்க, கரையோட ஒட்டிருச்சு. அந்தப் பக்கம் முன்னால மக்ரெகர் குலத்தோட சீமை. கேம்பெல்கள் வந்தப்புறம் மக்ரெகர்களே கோட்டைக்குக் காவல் பார்த்தாங்க. 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல பகை முத்தி அதுவும் போச்சு. 1603ல ராஜா ஆறாம் ஜேம்ஸ் மக்ரெகர்ங்கிற பேரையே யாரும் வச்சுக்கக் கூடாதுன்னு தடை போட்டார். அது கடைசியா நீங்கினது 1774ல.

முத்து: நிலமும் போயி பேரும் போச்சா. சாவி யார் கையில இருக்கோ வீடு அவங்களுக்கு

கோமதி அத்தை: முத்து, எந்தச் சாவியைச் சொல்றேன்னு தெரியுது. ஊருக்கு வந்ததும் பேசிக்கலாம்

பெரியப்பா: படி உண்டா

கண்ணன் (சிவில்): கோபுரத்து மேல போகத்தான் படி பெரியப்பா. நீங்க உள்முற்றத்துலயே நில்லுங்க, பாக்க வேண்டியது அங்கதான் இருக்கு. 1760ல இடி விழுந்து சேதமாச்சுல்ல, மூலைக் கோபுரத்தோட ஒரு பெரிய துண்டு தலைகீழாக் கிடக்கும். வாசல் நிலைக்கு மேல கல்லுல 1693ன்னு வெட்டியிருக்கும், அதையும் விடாதீங்க. அந்த வருஷங்கள்லதான் பிரெடல்பேன் முதல் ஏர்ல் (பிரபு பட்டம்) ஜான் கேம்பெல் 200 பேர் தங்குற சிப்பாய்க் கொட்டடி சேர்த்தார்.

பெரியம்மா: தயிர்சாதமா புளியோதரையா

செல்வி சித்தி: புளியோதரை. தயிர் புளிச்சிரும்

கோமதி அத்தை: அந்தக் குளிர்ல தயிர் எங்க புளிக்கும்

கண்ணன் (சிவில்): இன்னொண்ணு. கூரை இல்லாத சுவர்னா மழை நேரா சுவர்த் தலையில இறங்கும். சுண்ணாம்புக் காரை அரிச்சுப் போகும், குளிர்காலத்துல உள்ள நிக்கிற தண்ணி உறைஞ்சு விரிஞ்சு கல்லைத் தள்ளும். அதனால சுவர் சோதனைக்குன்னு நடுநடுவுல உள்ள விடமாட்டாங்க. குளிர்காலத்துல எப்படியும் பூட்டுதான். அனிதா, கிளம்புமுன்ன திறந்திருக்கான்னு பாரு.

அனிதா (கிளாஸ்கோ): பாக்கிறேன் அத்தான். கில்ச்சர்ன் இங்கருந்து 2 மணி நேரம், ஐலன் டோனன் 4 மணி நேரத்துக்கு மேல. கில்ச்சர்ன்ல டிக்கெட் கிடையாது, பாத்ரூமும் கிடையாது. ஏ85 ரோட்டோரம் வண்டியை விட்டுட்டு ரயில் பாலத்துக்கு அடியில பூந்து நடக்கணும். ஏரி ஏறினா அந்த வழியில தண்ணி நின்னுரும். செருப்பு வேண்டாம், பூட்ஸ் போடுங்க. கோடைன்னா மிட்ஜ் பூச்சி வேற, முழுக்கைச் சட்டை எடுத்துக்கோங்க.

பெரியப்பா: பாத்ரூம் இல்லையா

அனிதா (கிளாஸ்கோ): வழியில நிறுத்திக்கலாம் பெரியப்பா

கோமதி அத்தை: ஐலன் டோனன்ல பாத்ரூம், காபிக் கடை எல்லாம் உண்டாமே

சிதம்பரம் மாமா: கோமதி, அதுக்கு 4 மணி நேரம்!

முத்து: திரும்பி வர இன்னொரு 4

அனிதா (கிளாஸ்கோ): இப்போதைக்குக் கில்ச்சர்ன்னு வேன்காரர்கிட்ட சொல்றேன். வெள்ளிக்கிழமை ரொம்ப மழைன்னா மாத்திக்கலாம். 7 சீட்டா 8 சீட்டா?

பெரியம்மா: சம்பந்தி வர்றாங்களான்னு கேட்டுச் சொல்றேன்

கோமதி அத்தை: அவங்க வந்தா முன் சீட்டு யாருக்கு